தனித்தீவிற் குடிபுகுந்த குடும்பம்

பொருளீட்டுதற்பொருட்டுக் கடல் கடந்து செல்லுதல் தமிழ்மக்களுக்குப் புதியதன்று. ஆயின் அங்ஙனம் செல்வோர் மனைவியையும் மக்களையும் உடன்கொண்டு செல்லுதல் பண்டை வழக்கமாக இருந்ததில்லை. கடல்வழிப் பிரிவு மகளிரோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியனாரே விதித்துச் சென்றார். பிற்காலத்தில் பர்மாவுக்கும் மலாய் நாட்டுக்கும் கொண்டுவிற்கச் சென்றோருள்ளும் பலர் குடும்பத்தை ஊரில் நிறுத்தித் தாம் மாத்திரம் கப்பலேறினர் என்பதை நம்மவர் வீடுகளிலுள்ள முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இவ்வழக்கத்திற்குக் காரணம் ஆராயத்தக்கது. தனியாகச் செல்லும் ஒருவன் தன் உடலுக்கு வேண்டியதைத் தேடிக்கொண்டாற் போதும். என்றேனும் ஒருநாள் திரும்பியும் விடுவான். பெண்டு பிள்ளைகளோடு செல்பவனோ ஒரு சிற்றூரையே தோளிற் சுமந்து செல்கின்றான். நீரும் நெருப்பும், நோய்க்கு மருந்தும், குழந்தைக்கு எழுத்தும், தெய்வத்திற்கு வழிபாடும், மக்களுக்கு மணமும், இறந்தாற் சுமக்க நால்வரும் அவனுக்கு வேண்டும். இவையாவும் ஆயத்தமாக உள்ள ஊர்க்குக் குடிபெயர்தலே எளிதன்று. இவற்றுள் ஒன்றும் இல்லாததொரு தனித்தீவிற்கு ஒருவன் தன் இளமனைவியையும் இரண்டு சிறு குழந்தைகளையும் கொண்டு சென்று குடியேறி, அத்தீவில் இருநூறாண்டுக்கு மேல் நிலைத்ததொரு சமூகத்திற்கு முதல்வனாயினான். அவ்வரலாற்றையும், அது நமக்குப் புகட்டும் உண்மைகளையும் நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவின் இருப்பிடமும் இயல்பும்

அத்தீவின் பெயர் டிரிஸ்டன் டா குன்யா. தென் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் நடுவே கிடப்பது. 1506-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசிய மாலுமித் தலைவராகிய டிரிஸ்டன் டா குன்யா என்பவர் அதனைக் கண்டு, இறங்க இயலாமல் தம் பெயரை மாத்திரம் அதற்கு இட்டுச் சென்றார். ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுன் நகரம் அதற்குக் கிழக்கே 1,700 மைலுக்கு அப்பால் உள்ளது. வடக்கே ஸென்ட் ஹெலினாத் தீவு சற்றேறக்குறைய 1,500 மைல் தூரத்தது. உலகில் மக்கள் நிலையாக வாழும் தீவுகளுள் இதனினும் தனித்து ஒதுங்கியது வேறில்லை என்பர்.

தீவு என்பதும் எரிமலை என்பதும் அங்கே ஒன்றே. கடலினின்று நேரே எழுந்த ஒரு மலை 6,700 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. பரப்பு 38 சதுர மைல் ஆயினும், பெரும்பாலும் செங்குத்தான பாறைகளாதலின், மக்கள் வாழ ஏற்றது வடமேற்குக் கரையிலுள்ள ஒரு குறுகிய சமநிலம் மாத்திரமே. இயற்கைத் துறைமுகம் இல்லை. காற்றடங்கிய நாளிலன்றிப் படகு கரை சேராது. தென்னையும் நெல்லும் அக்குளிர்ந்த காற்றில் விளையா. உருளைக்கிழங்கே அவர்க்கு அரிசி. ஆடுமாடும் மீனும் கடற்பறவைகளின் முட்டையுமே அதற்குத் துணை.

இத்தகைய இடத்திற்கு யார் வருவர் என்று வினவலாம். 1869-இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்படுமுன், ஐரோப்பாவினின்று சென்னைக்கும் பம்பாய்க்கும் வரும் பாய்க்கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே வரவேண்டியிருந்தது. தென் அட்லாண்டிக் கடலின் மேல்காற்றைப் பற்றி வருவனவாதலின், அவற்றுட் பல இத்தீவின் அருகே கடந்து சென்றன. நன்னீர் அருவி அங்குண்டு. திமிங்கிலம் வேட்டையாடும் அமெரிக்கக் கப்பல்களும் அக்கடலில் திரிந்தன. இக்கப்பல்களே பின்னர் அத்தீவார்க்குச் சந்தையாயின.

பட்டாளம் வந்ததும் போனதும்

1811-இல் அமெரிக்காவின் ஸேலம் நகரத்தவராகிய ஜொனாதன் லாம்பர்ட் என்பவர் சில தோழரோடு அங்கிறங்கித் தாமே அத்தீவுக்கு அதிபதி என்று பறைசாற்றினார். மறுவருஷமே அவர் கடலில் மூழ்கி மாண்டார். அதிபதி என்னும் பட்டம் அவரைக் காக்கவில்லை. அவர் கூட்டத்தில் தாமஸ் கரி என்னும் இத்தாலியர் ஒருவரே நெடுநாள் உயிரோடிருந்தார்.

பின்னர் நெப்போலியன் சக்கரவர்த்தி தோல்வியுற்று 1815-இல் ஸென்ட் ஹெலினாவிற் சிறைவைக்கப்பட்டார். அவரை மீட்க முயல்வோர் டிரிஸ்டன் தீவைத் தளமாகக் கொள்ளலாகும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசாங்கத்தார், 1816-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதனைத் தமதாக்கி, கேப் நாட்டினின்று ஒரு சிறு பட்டாளத்தை அனுப்பி அங்கே நிறுத்தினர். செலவும் இடரும் மிகுந்தமையின் அடுத்த ஆண்டே அப்பட்டாளத்தைத் திருப்பியழைத்துக் கொண்டனர்.

அப்பட்டாளத்தில் வில்லியம் கிளாஸ் என்னும் கார்ப்பொரல் ஒருவர் இருந்தார். ஸ்காட்லாந்திலுள்ள கெல்ஸோ என்னும் ஊரிற் பிறந்தவர், பீரங்கிப்படையைச் சார்ந்தவர். மரியா என்னும் அவர் மனைவியார் கேப் நாட்டிற் பிறந்த இளம்பெண். பட்டாளம் புறப்படும் காலத்தில் கிளாஸ் தம் குடும்பத்தோடு அங்கேயே தங்க அனுமதி வேண்டினார், அதிகாரிகளும் அளித்தனர். கல்தச்சுத் தொழிலாளராகிய ஸாமுவேல் பர்னல், ஜான் நான்கிவெல் என்னும் ஆங்கிலேயர் இருவரும் அவரோடு நின்றனர்.

ஏழைப் போர்வீரர் ஒருவர்க்குத் தாயகத்திற் கிடைத்திருக்கக்கூடியது யாது? பிறர் நிலத்திற் கூலிவேலையும், பிறர் வீட்டில் வாடகைக்கு ஓர் அறையும் அன்றி வேறில்லை. தீவிலோ நிலம் உண்டு, நீர் உண்டு, கால்நடை உண்டு, கைகட்டி நிற்க ஒருவருமில்லை. அத்துணிவின் பொருளை நாம் இவ்வாறு உய்த்துணரலாம்.

மூவர் எழுதிய உடன்படிக்கை

குடியேறிய அம்மூவரும் 1817-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ஆம் தேதி ஓர் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். அப்பத்திரம் இன்றளவும் பாதுகாக்கப்பட்டுள்ளது. அதன் கருத்தைச் சுருக்கிக் கூறுவோம். கால்நடையும் சாமான்களும் அனைவர்க்கும் சமமாக உரியன. வரும் இலாபம் சமமாகப் பங்கிடப்படும். செலவையும் சமமாக ஏற்கவேண்டும். ஒற்றுமை குலையாதிருத்தற்பொருட்டு, ஒருவர் மற்றொருவர்க்கு மேலானவர் என்னும் பாவனை கூடாது. யாவரும் எல்லா வகையிலும் நிகரானவரே. நோயுற்ற காலத்திலன்றி, ஒவ்வொருவரும் தம் பங்கு வேலையைச் செய்தல் வேண்டும்.

இதனை எழுதியோர் பெரும் படிப்பாளிகளல்லர். ஒரு படைவீரரும் இரண்டு கொற்றர்களுமே. மூவருள் மனைவி மக்களோடிருந்தவர் கிளாஸ் ஒருவரே. படையில் அவர் பெற்றிருந்த சிறு பதவியும் உண்டு. தாமே தலைவர் என்று அவர் நிலைநாட்டியிருக்கலாம். அதிபதிப் பட்டம் பூண்டவரின் கதியை அங்கேயே வாழ்ந்த கரி என்பவர் வாயிலாக அவர் கேட்டறிந்திருத்தலும் கூடும். அவர் தேர்ந்தது சமத்துவம். பிற்காலத்தில் அவ்வழிச் சென்ற கப்பற்காரர் அவரைக் கவர்னர் என்று உபசாரமாக அழைத்தனர். ஆயினும் அவர் அதிகாரம் அன்பினாலும் வயதினாலும் வந்ததேயன்றிச் சட்டத்தால் வந்ததன்று.

உடன்படிக்கையில் ஒரு குறையும் உண்டு. கையொப்பமிட்டோர் ஆண்கள் மாத்திரமே. அத்தீவில் அப்போது ஒரே பெண்ணாக இருந்த மரியா அம்மையாரின் சம்மதம் பத்திரத்தில் எங்கும் காணப்படவில்லை. மருத்துவச்சியும் தாயும் தமக்கையும் இன்றி அவர் அங்கே மக்களைப் பெற்றார். ஆண் எட்டும் பெண் எட்டுமாகப் பதினாறு பேரை வளர்த்தார். தீவின் முதற்குடி என்று கிளாஸின் பெயரைச் சொல்லும் வரலாற்றாசிரியர்கள் அவ்வம்மையாரின் பெயரையும் ஒக்கச் சொல்லுதலே நியாயமாகும்.

கரைசேர்ந்தோரைக் காத்தமை

1821-ஆம் ஆண்டில், இலண்டனினின்று பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த ‘பிளெண்டன் ஹால்’ என்னும் கப்பல் அருகிலுள்ள, மனிதரில்லா மற்றொரு தீவில் மோதி உடைந்தது. தப்பிய பிரயாணிகள் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் உண்டு மாதக்கணக்காக அங்கே தவித்தனர். முடிவில், உடைந்த மரங்களாற் படகு சமைத்துச் சிலர் டிரிஸ்டனை அடைந்தனர். உடனே கிளாஸும் தோழரும் தம் படகில் அபாயமான கடலைக் கடந்து சென்று எஞ்சியோரை மீட்டு வந்து, தம்மிடமிருந்த சிறு உணவைப் பங்கிட்டுக் காப்பாற்றினர்.

1824-இல் அகஸ்டஸ் ஏர்ல் என்னும் ஆங்கிலேய ஓவியர் சித்திரம் தீட்டக் கரையிறங்கிய சமயம், காற்று மாறிக் கப்பல் அவரை விட்டுச் சென்றுவிட்டது. எட்டு மாதம் அவர் அங்கே தங்கினார். அக்காலத்திற் குழந்தைகட்கு எழுத்துக் கற்பித்தும் ஞாயிறுதோறும் வழிபாடு நடத்தியும் அச்சிறு சமூகத்திற்கு உபாத்தியாயராகவும் குருவாகவும் விளங்கினார். அவரே பின்னர்ச் சென்னைக்கும் வந்தார் என்பது நமக்குச் சுவைதருஞ் செய்தி.

பெண்டிர் வருகை

கிளாஸின் முதற்றோழர் இருவரும் நாளடைவில் நீங்கினர். அவரிடத்தில் வேறு மாலுமிகள் வந்து சேர்ந்தனர். அவர்களெல்லாம் பிரமசாரிகள். தனியாண்கள் எத்துணை பேர் கூடினும் அது முகாமேயன்றி ஊராகாது. இதனை அவர்களே உணர்ந்து, ஸென்ட் ஹெலினாவினின்று தமக்கு மனைவியராக வரச் சம்மதிக்கும் பெண்டிரை அழைத்துவருமாறு ஒரு கப்பற்றலைவரை வேண்டினர். 1827-இல் அவர் ஐந்து பெண்களை அழைத்து வந்தார். முதலிற் கரையிற் காலெடுத்து வைப்பவளையே மணப்பேன் என்று தாமஸ் ஸ்வெயின் என்பவர் சபதஞ் செய்திருந்தார் என்றும், அங்ஙனமே மணந்தார் என்றும் தீவார் கதை சொல்வர். முன்பின் அறியாத கணவர்க்காக, முன்பின் கண்டறியாத தீவிற்குக் கடலேறி வந்த அப்பெண்டிரின் துணிவு கிளாஸின் துணிவிற் குறைந்ததன்று. அவர்கள் வந்தபின்னரே முகாம் ஊராயிற்று.

1836-இல் ஹாலந்து தேசத்தவராகிய பீட்டர் கிரீன் என்பவர் கப்பலுடைந்து அங்கே கரைசேர்ந்தார். ஹேகன், ராஜர்ஸ் என்னும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரரும் பின்னர் வந்து மணஞ்செய்து தங்கினர். இங்ஙனம் கடல் ஒதுக்கிய அந்நியரை மருமக்களாக ஏற்று அவ்வூர் வளர்ந்தது.

மணமகனில்லாக் குறை

ஊர் வளரவே ஒரு புதிய கவலையும் உடன் வளர்ந்தது. கிளாஸின் புதல்வர்கள் வயது வந்ததும் அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல்களில் வேலை தேடிச் சென்றனர், புதல்வியர் வீட்டிலிருந்தனர். அந்நாளிற் பருவமடைந்த கன்னியர் பலர்க்குத் தீவில் மணமகனில்லை. வந்த மாலுமிகளை மணந்தோர் கணவரோடு அமெரிக்காவிற்குப் பெயர்ந்தனர். நிலம் இருந்தது, வீடு இருந்தது, உடன்படிக்கை இருந்தது. சம்பந்தஞ் செய்ய வீடில்லை. பெண்மக்களைப் பெற்ற நம் அன்பர்களுக்கு இக்கவலையின் கனத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கிளாஸ் 1853-இற் காலமானார். அவருக்குப்பின் 1856-இல் மரியா அம்மையாரும் மக்கள் பேரர் பலரும் அமெரிக்காவிலுள்ள நியூ லண்டன் என்னும் துறைமுகத்திற்குக் குடிபெயர்ந்தனர். 1851 முதல் அங்கே பணியாற்றிய டெய்லர் என்னும் பாதிரியார், இத்தீவை விட்டொழித்தலே ஜனங்களுக்கு நலம் என்று கருதினார். 1857-இல் 45 பேர் அவரோடு கேப் நாட்டிற்குக் கப்பலேறினர். எஞ்சியது நான்கு குடும்பம், 28 பேர்.

தீவைத் தோற்றுவித்த குடும்பத்தின் தாயே அதனை நீங்கினார் என்பது வருந்தத்தக்கதோர் உண்மை. ஆயினும் அவர்மீது பழி கூறுதற்கில்லை. கணவர் கனவிற்காக நாற்பதாண்டு அங்கே உழைத்த அவர், மக்கள் வாழ்விற்காக அதனை விட்டுச் சென்றார். குடியேறுதல் எத்துணைத் தைரியமோ, வேண்டிய காலத்திற் குடிபெயர்தலும் அத்துணைத் தைரியமே.

துன்பக்காலம்

எஞ்சிய 28 பேருக்கும் பீட்டர் கிரீன் வழிகாட்டியாயினார். 1867-இல் விக்டோரியா மகாராணியாரின் குமாரராகிய எடின்பர்க் பிரபு தீவிற்கு விஜயஞ்செய்தமையின், ஊர்க்கு அவர் பெயர் வழங்கலாயிற்று. பெயர் பெரிதாயினும் பிழைப்பு சுருங்கிற்று. திமிங்கில வேட்டை தளர்ந்தது; நீராவிக் கப்பல்கள் காற்றை நம்பாமல் நேர்வழிச் சென்றன; சூயெஸ் கால்வாய் திறந்தபின் கீழ்நாட்டுக் கப்பல்கள் அப்பக்கமே தலைகாட்டவில்லை. 1882-இல் உடைந்த ஒரு கப்பலினின்று எலிகள் கரையேறிப் பயிரை அழிக்கத் தொடங்கின.

1885-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ஆம் தேதி ஒரு கப்பல் தொலைவிற் காணப்பட்டது. பண்டமாற்றுச் செய்தற்பொருட்டுத் திடமான ஆண்கள் 15 பேர் ஒரே படகிற் புறப்பட்டனர். அப்படகு திரும்பவேயில்லை. ஒரே நாளில் ஊரின் ஆடவர் பெரும்பான்மையோரை இழந்து, விதவைகளின் தீவென்று அது பெயர் பெற்றது.

இந்நிலையில் ஊரைத் தாங்கியது எது? பழைய உடன்படிக்கையே. அது தாளிலிருந்து நீங்கி வழக்கமாக மாறியிருந்தது. உழைக்கும் ஆடவரற்ற வீட்டின் கிழங்குப் பாத்தியை உழைக்கக்கூடியவர் கொத்திக் கொடுத்தனர். வேட்டையிற் கிடைத்தது விதவையர் வீட்டிற்கும் பங்காகச் சென்றது. 1892-இல் இத்தாலியக் கப்பலொன்று உடைய, அதினின்று கரைசேர்ந்த ரெபெட்டோ, லவரெல்லோ என்னும் இருவர் அங்கேயே மணந்து தங்கினர். ஆடவரை விழுங்கிய கடலே ஆடவரைக் கொண்டுவந்தும் சேர்த்தது.

கிளாஸ், ஸ்வெயின், கிரீன், ஹேகன், ராஜர்ஸ், ரெபெட்டோ, லவரெல்லோ ஆகிய ஏழு குடும்பப்பெயர்களே நெடுங்காலம் அத்தீவில் வழங்கின. ஏழும் தந்தையர் பெயர்கள். கேப் நாட்டினின்றும் ஸென்ட் ஹெலினாவினின்றும் வந்த தாய்மார் பெயர்கள் அவற்றில் இல்லை.

எரிமலையும் இங்கிலாந்து வாசமும்

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் காலம் மாறிற்று. 1942-இற் பிரிட்டிஷ் கடற்படையார் அங்கே ஒரு வானிலை, வானொலி நிலையம் அமைத்தனர். பண்டமாற்றே அறிந்த தீவார் கூலியும் நாணயமும் காணலாயினர். 1949 முதல் சிங்கி இறால் பிடித்துப் பதனிட்டு அனுப்பும் தொழில் தொடங்கிற்று.

1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நிலம் அடிக்கடி அதிர்ந்தது. அக்டோபரில் ஊரின் பக்கத்திலேயே பூமி பிளந்து தீக்குழம்பு வெளிப்பட்டது. ஜனங்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிழங்குத் தோட்டத்துக் குடிசைகளில் இரவைக் கழித்து, மறுநாள் படகுகளில் நைட்டிங்கேல் என்னும் அயற்றீவையடைந்தனர். அங்கிருந்து ஒரு டச்சுக் கப்பல் அவர்களைக் கேப் டவுனுக்குக் கொண்டு சென்றது. நவம்பர் மாதத் தொடக்கத்தில் 264 தீவார் இங்கிலாந்தில் வந்திறங்கினர்.

கால்ஷாட் என்னும் கடலோர ஊரில், விமானப்படையார் விட்டுச்சென்ற வீடுகள் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. மின்விளக்கும் குழாய்நீரும் மருத்துவமும் பள்ளியும் வேலையும் கிடைத்தன. எந்தக் கூலிவாழ்வை விட்டுக் கிளாஸ் தீவேறினாரோ அதனினும் பன்மடங்கு சிறந்த வாழ்வு அவர் சந்ததியார்க்கு அவர் நாட்டிலேயே கிடைத்தது. ஆயினும் பழகாத குளிர்காலமும் புதிய நோய்களும் முதியோர் சிலரைக் கொண்டு சென்றன. யாவரையும் உறவாக அறிந்து, கதவு தாழிடாது வாழ்ந்தோர்க்கு, பக்கத்து வீட்டார் பெயரும் அறியாத வாழ்வு பொருந்தவில்லை.

மீட்சி

1962-இல் அறிஞர் குழுவொன்று சென்று பார்த்துத் திரும்பி, இறால் தொழிற்சாலையும் படகிறங்கு துறைகளும் அழிந்தன என்றும், வீடுகள் பெரும்பாலும் தப்பின என்றும் தெரிவித்தது. தீவார் மீளுதல் வேண்டாம் என்பதே அதிகாரிகள் பலரின் எண்ணமாயிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வயது வந்தோரின் வாக்கு எடுக்கப்பட்டது. மீள விரும்பினோர் 148, விரும்பாதோர் 5. ஆண்களும் பெண்களும் ஒக்க வாக்களித்தனர். 1817-இல் மரியா அம்மையாரிடம் எவரும் எழுதி வாங்காத சம்மதத்தை, 1962-இல் அவர் வழிவந்த பெண்டிர் தம் கையாலேயே அளித்தனர்.

முன்னதாக 12 ஆடவர் சென்று கூரை வேய்ந்து பாத்தி கொத்தி ஊரைச் செப்பனிட்டனர். 1963-இல் ஏனையோர் இரு தவணையாகப் போய்ச்சேர்ந்தனர். சிலர் இங்கிலாந்திலேயே தங்கினர். மீண்டோருள்ளும் 35 பேர் 1966-இல் மறுபடியும் இங்கிலாந்திற்குச் சென்றனர். அவருட் சிலர் பின்னும் தீவிற்கே திரும்பினர். இரு கரைகளையும் கண்டவர் உள்ளம் ஊசலாடுதல் இயல்பே. 1967-இல் தீவில் ஒரு சிறு துறைமுகம் கட்டி முடிக்கப்பட்டது. தங்களைத் தாங்கிய ஊரை நினைந்து அதற்குக் கால்ஷாட் என்று பெயரிட்டனர். தங்கிவாழ மனமில்லாத ஊர்க்கும் நன்றி மறவாமை இதனால் விளங்கும்.

இந்நாளில் அங்கே 250 பேருக்குக் குறைவாகவே வாழ்கின்றனர். விமான நிலையம் இல்லை. கேப் டவுனினின்று ஏறத்தாழ ஒரு வாரம் கப்பலிற் செல்லவேண்டும். அக்கப்பலும் ஆண்டிற் சில தடவையே உண்டு. நிலம் பொதுவுடைமை. வெளியார் நிலம் வாங்கவோ குடியேறவோ அனுமதியில்லை. ஒரு குடும்பம் பிற குடும்பங்களினும் மிகுந்து செல்வம் கொள்ளாதபடி, அது வைக்கும் ஆடுமாடுகளுக்கும் அளவு வரையறுத்துள்ளனர். மூவர் எழுதிய பத்திரத்தின் சாரம் இங்ஙனம் இன்றும் உயிரோடிருக்கின்றது.

நாம் சிந்திக்கத்தக்கன

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை சில உள. முதலாவது, குடும்பத்தை ஓரிடத்திற்குக் கொண்டு சேர்த்தல் ஒருநாட் செயல். அங்கே நிலைத்தல் ஒப்பந்தத்தின் செயல். லாம்பர்ட் கொண்டுவந்த பட்டம் ஓராண்டில் அழிந்தது. கிளாஸ் கொண்டுவந்த சமத்துவம் இருநூறாண்டு நின்றது. கூட்டு வாணிகம் செய்வோரும், புதியவூரிற் கூடிக் குடியேறுவோரும் வேலை, வரவு, செலவு மூன்றையும் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும். பெரியவர் சிறியவர் என்னும் எண்ணம் உள்ளே புகுந்தபின் எழுதும் பத்திரம் வழக்குமன்றத்திற்கே உதவும்.

இரண்டாவது, அவ்வொப்பந்தத்திற் பெண்டிரின் சொல்லும் இடம்பெறல் வேண்டும். புதிய ஊரின் சுமையில் பாதிக்கு மேல் அவர்தம் தோளிலேயே ஏறுகின்றது.

மூன்றாவது சற்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. தீவு வளர்ந்ததெல்லாம் அது வாயிலைத் திறந்து வைத்த காலத்திலேயே. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, ஹாலந்து, அமெரிக்கா, இத்தாலி, கேப் நாடு, ஸென்ட் ஹெலினா ஆகிய பல நாட்டு இரத்தங் கலந்து, இன்று ஒரே குலமென்று சொல்லும்படி அச்சமூகம் ஆயிற்று. அவ்வாயில் அடைந்தபின், சில குடும்பங்களுக்குள்ளேயே தலைமுறைதோறும் மணவினை நிகழ்ந்தது. முதற்குடியினருட் சிலர்க்கிருந்த ஆஸ்துமா என்னும் இளைப்பு நோய் இந்நாளிற் தீவார் பெரும்பங்கினரைப் பற்றி நிற்கின்றதென மருத்துவ அறிஞர் ஆராய்ந்து கண்டுள்ளனர். பரிவும் ஒற்றுமையும் நெருங்கிய உறவினால் வளரும். உடற்குறைகளும் அவ்வுறவினாலேயே வளரக்கூடும். மிக நெருங்கிய உறவிலேயே சம்பந்தம் தேடும் வழக்கமுடைய நாமும் இதனை மருத்துவர் வாயிலாக அறிந்து நடத்தல் நலம்.

நான்காவது, தீவை விட்டுச் சென்ற மரியா அம்மையாரும், தீவிற்கு மீண்ட 1963-ஆம் ஆண்டினரும் ஒன்றையே நாடினர். தம் மக்கள் தனியராகாமை என்பதே அது. முன்னவர்க்கு அஃது அமெரிக்காவிற் கிடைத்தது; பின்னவர்க்குத் தீவிற் கிடைத்தது. ஊரை விட்டுச் சென்றாரை இகழ்தலும், ஊரிலேயே நின்றாரைக் கோழைகள் என்றலும் நம்மிடையே உள்ள வழக்கங்கள். இரண்டும் ஒழிக. எங்கே சென்றாலும் நம் மக்களுக்கு உறவும் நிகர்மையும் உண்டா என்று கேட்டு, உண்டெனிற் செல்வதும், இன்றெனில் உண்டாக்குவதுமே குடும்பத்தலைவர்க்கும் தலைவிக்கும் கடனாகும்.